பதினாறாவது பிஸ்கட்

மலர்க் குழுவிலிருந்து வகுப்புக்கு வந்து, "கதை, கவிதை, கட்டுரை எதுவானாலும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. நிலாவைப் பார்த்தால் நிலா மட்டும்தான் தெரிகிறது, என்ன செய்வது? ஆனால் புகார்க் கடிதம் எழுத வரும். இந்த வருஷம் ரெக்கார்டு நோட்டுக்கு அடுத்தபடியாக நான் திருத்தித் திருத்தி எழுதியது அதைத்தான். ஆகவே, அன்பு நண்பர்களே, கடையில் புகார் செய்வதைப் பற்றி, எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிஸ்கட்.

2021 டிசம்பரில், மணலி பக்கம் மாத்தூரில் ஒருவர் தெரு நாய்களுக்குப் போடுவதற்காக பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். ஐ.டி.சி. கம்பெனியின் சன்ஃபீஸ்ட் மேரி லைட். உறையில் 16 பிஸ்கட் என்று அச்சடித்திருந்தது. உள்ளே எண்ணினால் 15! நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நாயும் எண்ணாது, நாமும் எண்ண மாட்டோம். அவர் எண்ணினார். கடையில் கேட்டார், கம்பெனியைக் கேட்டார். சரியான பதில் வரவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டார்.

கம்பெனி சொன்ன பதிலைக் கவனியுங்கள். "நாங்கள் எண்ணிக்கைக்கு விற்பதில்லை, எடைக்குத்தான் விற்கிறோம். உறையில் 76 கிராம் என்று போட்டிருக்கிறது." சரி என்று எடை போட்டுப் பார்த்தால் 74 கிராம்தான் இருந்தது. நாலரை கிராம் வரை கூடக் குறைய இருக்க விதியில் இடம் உண்டே என்றார்கள். அதெல்லாம் நாளாக நாளாக எடை குறைகிற பொருளுக்கு, பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில் தீர்ப்பு: நஷ்ட ஈடு 1 லட்சம், செலவுத் தொகை 10 ஆயிரம்.

ஹாஸ்டல் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒரு பிஸ்கட்டுக்கு கேஸாடா?" என்றான் ஒருவன். சிரிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் விழுப்புரத்தில் ஒருவர் ஒரு ஓட்டலில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார், ஒன்று 80 ரூபாய். முதியோர் இல்லத்தில் போய்ப் பிரித்தால் ஒன்றிலும் ஊறுகாய் இல்லை. பாக்கெட் ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், தரவில்லை. 2024 ஜூலையில் விழுப்புரம் நுகர்வோர் ஆணையம் 30 ஆயிரம் நஷ்ட ஈடு, 5 ஆயிரம் செலவு, ஊறுகாய்க்கு 25 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த 25 ரூபாயை மறக்காமல் எழுதினார்களே, எனக்குத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

எல்லாம் இப்படி இனிப்பாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. மதுராவில் ஒரு வக்கீலிடம் 1999 டிசம்பரில் ரயில் டிக்கெட்டுக்கு 70 ரூபாய்க்குப் பதில் 90 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அந்த 20 ரூபாய்க்கு அவர் கேஸ் போட்டு ஜெயித்தது 2022 ஆகஸ்டில். அதாவது என் வயதைவிட அந்தக் கேஸின் வயது அதிகம். அவர் வக்கீல், தாங்கினார். எங்கள் அப்பா கொத்தனார். ஒரு நாள் திருவள்ளூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் கேஸுக்கு முந்தின கட்டமான கடிதத்தை நான் பெரிதாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் செம்பரம்பாக்கம். ஏரியின் பெயரைச் சொன்னால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு தெரியாதவர் கிடையாது. ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்கிற நிலையம் எங்கள் ஊரிலிருந்துதான் சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிறது. நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். (அது தனிப் புகார். இன்னொரு மலரில் எழுதுகிறேன்.)

அம்மா வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறார். போன வருஷம் ஆடித் தள்ளுபடியில், மகளிர் குழுவில் கடன் எடுத்து, பூந்தமல்லியில் ஒரு கடையில் சாய்க்கிற மாடல் கிரைண்டர் ஒன்று வாங்கினோம். 13,500 ரூபாய். மோட்டாருக்கு ஒரு வருஷம் வாரண்டி. கடைப் பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் எந்தக் கடையாக வேண்டுமானாலும் இருக்கலாம். நாலாவது மாசம், கார்த்திகையில், ஒரு நாள் சாயங்காலம் பாதி ஈடு ஆடிக்கொண்டிருக்கும்போது கருகிய வாசனை வந்தது. நின்றுவிட்டது.

அப்பா மறுநாள் வேலைக்குப் போகாமல் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். போக வர 400 ரூபாய். "சர்வீஸ்காரன் வருவான், நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்குப் போனால், "சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால், "இவ்ளோ பெரிய பொருளை இங்க வெச்சா இடம் எங்க இருக்கு, எடுத்துட்டுப் போங்க, போன் பண்றோம்." திரும்ப 400. பத்து நாள் ஆச்சு. போன் வரவில்லை. அம்மா பக்கத்து வீட்டு கிரைண்டரில் ஒரு ஈட்டுக்கு 30 ரூபாய் கொடுத்து ஆட்டினார். அவர்கள் ஆட்டி முடித்த பிறகுதான் நமக்கு. ராத்திரி 11 மணிக்கு மாவு தயாரானால் யார் வாங்குவார்கள்? வாடிக்கை வீடுகள் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டன.

பதினோராவது நாள் அப்பாவோடு நானும் போனேன். முதலாளி எங்களைப் பார்த்ததுமே, "உங்க ஊர் வோல்டேஜ் சரியில்ல. அதான் காயில் போயிருக்கு. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடு" என்றார். அப்பா, "சார், வாரண்டி இருக்குன்னு சொன்னீங்களே" என்றார். "அதான் கார்டு குடுத்திருக்கோமில்ல? படிச்சுப் பாருய்யா. படிக்கத் தெரியாதா?"

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கடை நிறைய ஆள் இருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். 13,500 ரூபாயை நான் மறந்தாலும் அந்த நிற்பை மறக்க மாட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி உள்ளே போய்விட்டார். பில் போடுகிற அக்கா ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வாயால சொல்றதெல்லாம் எங்க காதோட போயிடும்பா. எழுதிக் குடு. கம்பெனிக்கும் ஒண்ணு போடு." அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. கடையில் நாம் கத்துவதெல்லாம் யார் மேல் விழுகிறது? காலையிலிருந்து நிற்கிற அந்த அக்கா மேல்தான். பொருளைச் செய்தவரும் அவர் இல்லை, லாபம் எடுப்பவரும் அவர் இல்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. அந்தக் கடையிலும் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் ஸ்டெபிலைசர் பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி கார்டைப் படித்தேன். முழுக்க இங்கிலீஷ், எறும்பு எழுத்து. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். மோட்டாரில் 12 மாதத்துக்குள் பழுது வந்தால் இலவசமாக மாற்றித் தரப்படும் என்று இருந்தது. ஸ்டெபிலைசர் இருந்தால்தான் வாரண்டி என்று எங்குமே இல்லை. அடுத்த நாள் லேப் சாரிடம் கேட்டு மல்டிமீட்டர் வாங்கி வந்து ஒரு வாரம், காலை, மாலை, ராத்திரி என்று எங்கள் வீட்டு வோல்டேஜை அளந்து நோட்டில் எழுதினேன். பெயர்த்தகட்டில் 230 வோல்ட். நான் அளந்ததில் 216-க்குக் கீழேயும் போகவில்லை, 238-க்கு மேலேயும் போகவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. நாம் கழற்றினால், "நீதான் கெடுத்தே" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். தொடவில்லை.

இடையில் போனில் கேட்டதற்கு முதலாளி புதிதாக ஒன்று சொன்னார்: "மாவு யாவாரத்துக்குத்தானே வாங்கினீங்க? யாவாரத்துக்கு வாங்கினா நீங்க கன்ஸ்யூமரே கிடையாது. எங்க வேணா போங்க." நண்பர்களே, இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. வியாபாரத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது நிஜம். அதற்குக் கீழேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வியாபாரக் கணக்கில் வராது என்றும் இருக்கிறது. தையல் மெஷின் வாங்குகிற அக்காவும், ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிற அண்ணனும், எங்கள் அம்மாவும் நுகர்வோர்தான். 1986-ல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2019-ஆம் வருஷச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. இதில், கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் பதியலாம்.

கடிதம் ஒரே பக்கம். பில் நம்பர், தேதி, என்றைக்கு நின்றது, எத்தனை முறை கடைக்குப் போனோம், என்ன பதில் சொன்னார்கள், ஒரு வார வோல்டேஜ் கணக்கு, எங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். 15 நாள் கெடு வைத்தேன். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அத எடுத்துடு கண்ணு. திட்டினா அவங்களுக்கு அதுவே சாக்காயிடும்" என்றார். எனக்கு மனசில்லை. ஆனாலும் எடுத்தேன். அனுப்புநர் இடத்தில் அம்மா பெயர். அம்மாவே கையெழுத்துப் போட்டார். கடைக்கு ஒன்று, கார்டில் இருந்த கோயம்புத்தூர் கம்பெனி விலாசத்துக்கு ஒன்று, ஸ்பீட் போஸ்ட். நகல் எடுத்தது உட்பட செலவு 150 ரூபாயைத் தாண்டவில்லை.

உலகத்தில் கிடைத்திருக்கிற மிகப் பழைய புகார்க் கடிதம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஈராக்கில் ஊர் என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகை. சுமார் 3,750 வருஷத்துக்கு முந்தியது. நன்னி என்பவர் இயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதியது. மட்டமான செம்பு கொடுத்தாய் என்பது ஒரு புகார். நான் அனுப்பிய ஆளை மதிக்காமல் திருப்பி அனுப்பினாய் என்பது இன்னொரு புகார். எங்கள் கிரைண்டரில் போனதும் செம்புக் காயில்தான்! இரண்டாவது புகாரைப் படித்தபோது எனக்கு அப்பா கடையில் நின்றதுதான் ஞாபகம் வந்தது.

ஆறாவது நாள் போன் வந்தது. கடையிலிருந்து இல்லை, கோயம்புத்தூரிலிருந்து. மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரித்துப் பார்த்து, வைண்டிங் கருகியிருக்கிறது என்று சொல்லி மோட்டாரையே மாற்றிப் போட்டார். காசு வாங்கவில்லை. அம்மா காபி கொடுத்தார். மொத்தம் 25 நாள் கிரைண்டர் நின்றிருந்தது. கடை முதலாளி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மோட்டார் வந்துடுச்சில்ல, விடு" என்றார் அம்மா. விடவில்லை, நான் இல்லை, அப்பா! லோடு ஆட்டோவுக்குக் கொடுத்த 800 ரூபாயைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். வோல்டேஜ் கணக்கைப் போல அவருக்குத் தேதியெல்லாம் மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "படிக்கத் தெரியாதா என்று கேட்டீர்கள்" என்பதையும் எழுதச் சொன்னார். அது மட்டும் அவர் சொன்னபடியே இருக்கிறது.

பழைய மாவு வாடிக்கையில் நாலு வீடு இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது கடிதத்தின் 15 நாள் கெடு, இந்த மலர் அச்சுக்குப் போகிற வாரம் முடிகிறது. பில், கார்டு, ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாம் ஒரு கவரில், அரிசி டிரம்முக்கு மேலே இருக்கின்றன.