நிறுத்தச் சொல்லும் பொறுப்பு

ஜேர்மனியில் சின்னஞ்சிறு ஊர்களில்கூடத் துவக்குச் சூட்டுக் கழகம் ஒன்று இருக்கும். ஜேர்மன் சூட்டுச் சங்கம் 1861ஆம் ஆண்டு கோத்தா நகரில் தொடங்கப்பட்டது. நம் ஊர்களில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் எப்படியோ, இங்கு அப்படித்தான் இக்கழகங்கள். கொண்டாட்டம், அணிவகுப்பு, வாத்தியக் குழு எல்லாம் உண்டு. 1997இல் இங்கு வந்த நான் இருபது வருடமாக எங்கள் ஊர்க் கழகத்தைக் கடந்து வேலைக்குப் போனேனே தவிர, அதன் வாசலை மிதித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவளுக்கு அங்கே என்ன வேலை?

2017இல், பன்னிரண்டு வயதான என் மகள்தான் என்னை அங்கு இழுத்துச் சென்றாள். அவளது பள்ளித் தோழி போகிறாளாம். காற்றுத் துவக்கால் பத்து மீற்றர் தூரத்திலுள்ள கடதாசி இலக்கைச் சுடவேண்டுமாம். இந்த நாட்டுச் சட்டப்படி 12 வயதில் காற்றுத் துவக்குப் பழகலாம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுக்கவேண்டும், இல்லையேல் கூடவே நிற்கவேண்டும். நான் கையெழுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நின்றேன்.

நிற்க நிற்க ஒன்றைக் கவனித்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கும் வயதான கண்காணிப்பாளர் ஒருபோதும் இலக்கைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் கைகளையும் துவக்கு வாயையும் மட்டுமே பார்ப்பார். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது அவருக்குத் தேவையில்லாத விடயம். அடுத்த வருடம் உடல்நிலை காரணமாக அவர் விலகினார். கண்காணிப்பாளர் இல்லாமல் சுடக்கூடாது என்பது சட்டம். ஆகவே பிள்ளைகளின் வெள்ளிக்கிழமை நின்றுபோகும் நிலை வந்தது. பெற்றோரில் யாராவது படிக்க முடியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள்.

நான் போவதாகச் சொன்னதும் வீட்டில் இரண்டு நாள் கதை இல்லை. ஊரிலிருந்து அம்மா, "இஞ்ச பட்டது காணாதே பிள்ளை? உனக்கு உந்த வேலை தேவையோ?" என்று அழாக்குறையாகக் கேட்டார். தேவை என்றுதான் எனக்குப் பட்டது. துவக்கு வைத்திருப்பவரிடம் "வையுங்கோ" என்று சொல்லும் உரிமை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு இருந்தது?

பயிற்சி வகுப்பில் பதினாறு பேர், பெண்கள் மூவர். சட்டத்தில் உள்ள ஜேர்மன் சொற்கள் சில ஒரு முழ நீளம். ஆனால் சாரம் எளியது. கண்காணிப்பாளர் இடைவிடாமல் கவனிக்க வேண்டும். அவ்வேளை அவர் தானும் சேர்ந்து சுடக்கூடாது. ஆபத்து என்று கண்டால் சூட்டை நிறுத்தவும், ஆளை வெளியேற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சுடாத நேரத்தில் குழாய்க்குள் நிற நூல் ஒன்று செருகியிருக்கும். நூல் இரு பக்கமும் தெரிந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். சிறு ரகத் துவக்கில் விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக்கூடாது, வாயை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு பொறுத்திருக்கவேண்டும். ஈயம் படுவதால் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது. இதைத்தான் இன்றுவரை பிள்ளைகளிடம் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது!

2009 மார்ச் மாதம் வின்னென்டன் பாடசாலையில் தொடங்கிய சம்பவத்தையும் படிப்பித்தார்கள். 17 வயதுப் பையன் 15 பேரைக் கொன்று தானும் இறந்தான். தகப்பன் சூட்டுக் கழக உறுப்பினர், கைத்துப்பாக்கி பூட்டப்படாமல் படுக்கையறையில் இருந்தது. அதன்பின் சட்டம் இறுகியது. பெரிய ரகத் துப்பாக்கி பழகும் வயது 14இலிருந்து 18 ஆனது. வகுப்பில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

செய்முறைச் சோதனையில், யாரோ ஒருவர் திடீரெனத் துவக்குடன் திரும்புவார், நாங்கள் "ஸ்டொப்" என்று கத்தவேண்டும். யார் திரும்புவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். மெல்லக் கதைக்கப் பழக்கப்பட்ட குரல் எனக்கு. முதல்நாள் மாலை காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மகளும் நானும் வீதி நெடுகக் கத்தினோம். அவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். மறுநாள் என் சத்தத்துக்குப் பயிற்றுநரே திடுக்கிட்டார்.

சான்றிதழ் கிடைத்து மூன்றாம் மாதம், கழகத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் பிள்ளைகளின் நேரத்தில் வந்தார். நூல் செருகாத துவக்குடன் திரும்பி என்னோடு பகிடி கதைத்தார். துவக்கு வாய் இரண்டு பிள்ளைகளைக் கடந்து போனது. நிறுத்தினேன். எல்லாத் துவக்கும் மேசைக்கு வந்தன. "நாற்பது வருசமாகச் சுடுகிறேன், இது வெறுந் துவக்கு" என்றார். அப்படியென்றால் இன்று போதும், வீட்டுக்குப் போங்கள் என்றேன். அவர் நிர்வாகத்திடம் முறையிட்டார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைச் சொல்லி, கண்காணிப்பாளர் அட்டையை மேசையில் வைத்தேன். பிழை என்று யாரும் சொல்லவில்லை. சரி என்றும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மகள் இப்போது வேறு நகரத்தில் படிக்கிறாள். நான் இன்னும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். இதுவரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, ஆசையும் இல்லை. அந்த மனிதரும் வருகிறார். என்னோடு கதைப்பதில்லை. ஆனால் உள்ளே வந்ததும் துவக்கைத் திறந்து நூலை எனக்குக் காட்டிவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போகிறார். எனக்கு அது காணும்.