பசையும் பனையோலையும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோயின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபொழுது, எம்போன்ற பெற்றோர் பலர் எதிர்பாராத வகையில் உபாத்தியாயர்களாயினர். கணக்கும் விஞ்ஞானமும் கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தன. சரித்திரத்தை மாத்திரம் நாமே கற்பிப்பதென்று கணவனும் மனைவியுமாகத் தீர்மானித்துக் கொண்டோம்.

மூத்தவளுக்கு அப்பொழுது 14 வயது. புத்தகத்தை எடுத்தாற் கீழே வையாள். இளையவனுக்கு 9 வயது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பான். பாதி வரியிலே நின்று எமது முகத்தைப் பார்ப்பான். ஒரு பந்தி முடிவதற்குள் அவன் கண்கள் கலங்கிவிடும். அவன் பொருட்டே, பாடத்திற்கு ஒரு கைவேலை வீதம் வகுத்திருந்த அயல்நாட்டுச் சரித்திர நூலொன்றை இரவல் வாங்கி வந்தோம். கண்ணால் ஏறாதது கையால் ஏறும் என்பது எமது நம்பிக்கை.

எகிப்து நாட்டுப் பாடத்திற்குச் சீனிக்கட்டிகளால் ஒரு பிரமிட்டுக் கட்டினோம். கீசாவிலுள்ள பெரிய பிரமிட்டிலே ஏறத்தாழ 23 இலட்சம் கற்கள் உள்ளன என்று நாம் விளக்கிக் கொண்டிருக்கையிலேயே எறும்புகள் அணிவகுத்து வந்துவிட்டன. உரோமாபுரிப் பாடத்திற்கு மட்டையிலே ஒரு கேடயம். எமது ஊர்ச் சரித்திரத்தையும் விடலாகாதென்று யாழ்ப்பாணக் கோட்டையை ஐந்து மூலையும் பிசகாமல் மட்டையால் அமைத்தோம். அதற்கு மூன்று நாட்கள் சென்றன. அக்கோட்டையைப் பற்றி வாசிப்பதற்கோ அரைமணி நேரமும் ஆகவில்லை. மூத்தவள் முதல் நாளே எழுந்து போய்விட்டாள்.

இரண்டு வாரங் கழித்து, கோட்டையைப் பறங்கியரிடமிருந்து 1658இல் யார் கைப்பற்றினார்கள் என்று இளையவனைக் கேட்டோம். அவன் வெகுநேரம் யோசித்து, "சிவப்புச் சாயம் முடிஞ்சு போச்சுதம்மா. அதாலை ஒரு பக்கத்துக்கு மண்ணிறம் அடிச்சனாங்கள்" என்றான்.

அன்றிரவு, கைவேலைகளை அடியோடு விட்டுவிடுவதா என்ற பேச்சு எழுந்தது. நாம் இருவரும் ஒருமனப்பட்டிருந்தோம் என்று சொன்னாற் பொய்யாகும். எம்மில் ஒருவர், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை மூன்று நாள் பசையோடு விளையாட விடுவது அவனுக்குச் செய்யும் துரோகம் என்றார். மற்றவர், கத்தரிக்கோலையும் பறித்துவிட்டால் அவனுக்கு எம்மிடம் வந்து உட்கார என்ன காரணம் எஞ்சும் என்றார். இரண்டும் உண்மையாகவே இருந்தமையால் தூக்கம் வரவில்லை. விடியுமுன் முடிவு செய்தோம்: இனிப் புத்தகம் மாத்திரமே.

அடுத்த பாடம் பழங்காலத்து ஏடுகளைப் பற்றியது. தேநீரிலே தோய்த்த கடதாசியைச் சுருட்டிப் பழஞ்சுருள் போலச் செய்யும்படி அந்நூல் கூறிற்று. அதனை மனநிறைவோடு வெட்டிவிட்டு, சி. வை. தாமோதரம்பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். 1832இல் சிறுப்பிட்டியிலே பிறந்த அவர், செல்லரித்த சுவடிகளைத் தேடியெடுத்துப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவர். கலித்தொகையை 1887இல் வெளியிட்டவர். இளையவன் கொட்டாவி விட்டான். சாய்மனைக் கதிரையிற் கிடந்த அவனுடைய அப்பப்பா, "ஓலையைத் தொடாமல் ஏட்டுக்கதை படிக்கிறியள்" என்று சொல்லி எழுந்து, சத்தகத்தை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போனார்.

இளம் ஓலையை நறுக்கி, ஈர்க்கு நீக்கி, அவித்து, நிழலிலே உலர்த்தி, புத்தகங்களின் கீழே அழுத்தி வைத்தார். இதற்கும் நாட்கள் சென்றன என்பதை மறைப்பதற்கில்லை. எழுத்தாணி வீட்டில் இல்லை. ஆணியொன்றை அராவி மரப்பிடி போட்டுக் கொடுத்தார். ஓலையை இடக்கையிலே பிடித்து, பெருவிரலை அண்டை கொடுத்து, கையை நகர்த்தாமல் ஓலையை நகர்த்த வேண்டும் என்று காட்டினார். இளையவன் 'மன்னன்' என்று எழுதினான். முதலாவது குற்றை ஊன்றி வைத்ததும் ஆணி மறுபக்கம் வந்தது. இரண்டாவது குற்றிலே ஓலை கீறிக்கொண்டு போயிற்று.

அப்பப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, தமது தகப்பனாருடைய சாதக ஓலையை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதிலை ஒரு குற்றும் இல்லையே அப்பப்பா!" என்றான்.

"குற்றினால் ஓலை ஓட்டையாப் போகுமெல்லோ மோனை. வாசிக்கிறவன்தான் தன்ரை நெஞ்சிலை குற்று வைச்சு வாசிக்க வேணும்."

அதன்பின் நடந்தது எமது பாடத்திட்டத்தில் இல்லாதது. மூத்தவள் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். குற்றில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை, கால் எது, ரகரம் எது என்று தெரியவில்லை. 'மன்னன்' என்பது 'மனனன' என்றே நிற்கும். வீட்டில் எவரிலும் விரைவாக வாசிப்பவள் முதல் வரியிலேயே நின்றாள். நாமும் நின்றோம். எழுத்துக் கூட்டிக் கூட்டி, பிழைவிட்டு, மீண்டும் தொடங்கி, நான்கு பேரும் ஒரு வரியை ஒப்பேற்ற வெகுநேரம் சென்றது. இளையவன் எம் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "நீங்களும் என்னைப் போலைதான் வாசிக்கிறியள்" என்றான். அவன் குரலில் ஏளனம் இல்லை.

"இப்படி எத்தனை ஆயிரம் வரி வாசித்திருப்பார் அவர்?" என்று மூத்தவள் கேட்டாள். தாமோதரம்பிள்ளையைத்தான் கேட்டாள் என்று எமக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

அவனுடைய வாசிப்பு மறுநாளே திருந்திவிட்டது என்று எழுத எமக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் தினமும் அரைமணி நேரம் உடனிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் தடுமாறும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

நாம் எடுத்த முடிவை அந்த வாரமே திருத்தினோம். நூலிலிருந்த கைவேலைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வியைக் கேட்டோம்: அக்காலத்தவர் செய்த வேலையையா இது செய்விக்கிறது, அல்லது அவர்கள் செய்த பொருளைப் போன்ற ஒன்றையா? இரண்டாவது வகையே மிகுதியாக இருந்தது. கேடயம், முடி, முகமூடி எல்லாம் போயின. தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்த கலாவாவியைப் படித்தபோது முற்றத்திலே மண் அணைகட்டித் தண்ணீர் விட்டோம், அணை உடைந்தது, தண்ணீரின் வேகத்தை அடக்க அக்காலத்தார் கற்கிணறு போன்ற மதகை ஏன் அமைத்தார்கள் என்பதை நாம் சொல்லுமுன்னரே அவன் கேட்டுவிட்டான். முற்றம் ஒரு கிழமை சேறாய்க் கிடந்தது. அதைப் பற்றி எம்மில் ஒருவருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

பசைப் போத்தல் அலுமாரியிலே காய்ந்து கல்லாகிவிட்டது. கிழிந்துபோன 'மன்னன்' ஓலையைப் பூட்டனாரின் சாதகத்தோடு சேர்த்து அப்பப்பா கட்டி வைத்திருக்கிறார்.