ஒன்பதாவது கால்

அடுப்பு மூட்டுவதற்கும் நாளும் நேரமும் பார்க்கும் குடும்பம் எம்முடையது. ஆதலால், எம் மகள் தன் கைப்படப் பூட்டி முடித்த புதுக் கணினிக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுப்பதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை காலை குறிக்கப்பட்டது. எம் மனைவியார் விளக்கேற்றினார். பிள்ளை ஆளியை அழுத்தினாள். விசிறிகள் சுழன்றன, சிறு விளக்கொன்று மின்னியது. நாம் மகிழ்ந்து வாய் திறப்பதற்குள் யாவும் அடங்கிவிட்டன. மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து அழுத்தினோம். இரண்டு விநாடி ஓட்டம்; பின்னர் மௌனம். பத்து முறை முயன்றும் அதுவே கதை.

இக்கணினியின் பூர்வீகத்தை வாசகர் அறிதல் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருந்த பிள்ளை, அயற்சிறுவர்க்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணமும், அவள் தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும் கூடியே அதற்கு விலையாயின. பூட்டிய கணினியாகவே வாங்கினால் பழுதுக்குக் கடைக்காரர் பொறுப்பு என்பது எம் கட்சி. பாகங்களை வாங்கித் தானே பூட்டினால் பணமும் மிஞ்சும், தொழிலும் படியும் என்பது அவள் கட்சி. அவள் கட்சியே வென்றது. பாகங்கள் கொழும்பிலிருந்து பேருந்தேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தன. தோற்ற கட்சியார் சும்மா இருப்பாரா? பூட்டும்போது நாமும் ஒரு கை கொடுத்தோம்.

கணினி அணைந்தபோது எமக்கு முதலில் எழுந்தது கவலையன்று. "அன்றே சொன்னோமே" என்ற ஒருவகைத் திருப்தியே எழுந்தது. இதனை எழுத இன்று வெட்கமாக இருக்கின்றது. அத்திருப்தி கோபமாக மாற நெடுநேரம் செல்லவில்லை. முதலில் மின்சாரத்தை நொந்தோம். 2022ஆம் ஆண்டிலே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டிலே கிடந்து பழகிய எமக்கு அது எளிதாக இருந்தது. ஆனால் வீட்டு விளக்குகள் யாவும் ஒழுங்காகவே எரிந்தன. அடுத்துப் பிள்ளையின் அவசரத்தைக் கடிந்தோம். அவள் கண் கலங்கிற்று. "இஞ்சருங்கோ, பிள்ளையோடை கோவிச்சா அது ஓடப் போகுதே?" என்று மனைவியார் தடுத்ததும், எம் கோபம் கடைக்காரர்மேற் பாய்ந்தது. பழைய சாமானைப் புதிதென்று விற்றுவிட்டீர் எனத் தொலைபேசியிலே வைதோம். மறுமுனையிலிருந்த இளைஞர் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை செக்கன் நிக்குது ஐயா?" என்றார். இரண்டு என்றோம். "அப்ப ஒருக்காப் பெட்டிக்கு வெளியிலை வைச்சுப் பாருங்கோ" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றே எண்ணி இணைப்பைத் துண்டித்தோம்.

பிள்ளையோ அந்த வினாவைப் பற்றிக்கொண்டாள். காய்ச்சல் எந்நேரத்திலே ஏறுகின்றது என்று வைத்தியர் வினவுவது போன்றதே அது. கணினிக்குள் இருக்கும் மின்வழங்கி, வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றித் தருவது. எங்கேனும் குறுஞ்சுற்று ஏற்படின், ஏனைய பாகங்கள் கருகாதவாறு அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அவ்வாறே கணினியின் மூளையாகிய புரொசசரும் அளவுகடந்து சூடேறினால், கணினி அணைந்துவிடும். ஓரிரு விநாடியில் அணைந்தால் மின்னிணைப்பையோ குறுஞ்சுற்றையோ முதலில் ஐயுறலாம். சிறிது நேரம் ஓடிச் சூடேறிய பின் அணைந்தால் வெப்பத்தை ஐயுறலாம். நாம் முரண்டு என்று வைதது உண்மையிலே காவல்.

"ஒண்டொண்டாய்ப் பாப்பம் அப்பா. ஒருமிக்க ரெண்டைத் தொடக்கூடாது" என்றாள் பிள்ளை. இரண்டை ஒருங்கே மாற்றியபின் கணினி ஓடினால், எது பிழையென்று எவ்வாறு அறிவது? சோதனை தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும் மின்செருகியைக் கழற்றிய பின்னரே உள்ளே கை வைத்தாள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவேயில்லை. செருகியைக் கழற்றிய பின்பும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனைச் செருகியையும், புரொசசருக்கென்று தனியே செல்லும் 8 முனைச் செருகியையும் பார்த்தாள். பின்னதை மறப்போர் பலராம், இவள் மறக்கவில்லை. நினைவகத் தகட்டைக் கழற்றி, இருபுறக் கொளுவியும் 'கிளிக்' என விழும்வரை மீண்டும் அழுத்தினாள். புரொசசரின்மீது அமரும் வெப்பம் போக்கியின் அடியில் ஒட்டிவரும் மெல்லிய பிளாத்திக்குத் தாளை உரித்திருந்தாளா என்று நோக்கினாள், உரித்திருந்தாள். முன்பக்க ஆளி இறுகி நின்றாலும் கணினி அணையும் என்று அதன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பலகையிலுள்ள உரிய இரு முனைகளையும் திருகாணி முடுக்கியின் நுனியால் ஒரு கணம் தொட்டாள். கணினி எழுந்தது, இரண்டு விநாடியில் மீண்டும் படுத்தது.

இறுதியாகக் கடைக்காரரின் சொல்லே எஞ்சியது. தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அது வந்த காகித அட்டைப் பெட்டியின்மீது வைத்தாள். அதனைச் சுற்றி வந்த வெள்ளி நிறப் பையின்மீது வைக்கலாகாது. அதன் மேற்புறம் மின்னைக் கடத்தக்கூடும். முனைகளைத் தொட்டாள். இரண்டு விநாடி சென்றது. பத்து விநாடி சென்றது. திரையிலே எழுத்துகள் தோன்றின. ஐந்து நிமிடம் ஆகியும் அது அணையவில்லை.

பாகங்கள் யாவும் நலமாயின், பிழை எங்கே? வெறும் இரும்புப் பெட்டிக்குள்ளே இருவரும் குனிந்து நோக்கினோம். தாய்ப்பலகை பெட்டியிலே முட்டாதபடி அதனைத் தாங்குவதற்குச் சிறு பித்தளைக் கால்கள் உண்டு. பலகையிலே துளைகள் எட்டு. பெட்டியிலே நின்ற கால்கள் ஒன்பது.

அக்கணமே எமக்கு முதல்நாள் இரவு நினைவுக்கு வந்தது. பல அளவுப் பலகைகளுக்கும் பொதுவாகப் பெட்டியிலே துளைகள் இட்டிருப்பர் என்பதை அறியாது, ஒன்று வெறுமையாகக் கிடக்கின்றதே என்று ஒரு காலை முறுக்கிவைத்தவர் நாமே. கட்டிலுக்குக் கால் கூடினால் உறுதி கூடும் என்பது எம் எண்ணம். அந்த ஒன்பதாவது காலே பலகையின் அடியிலுள்ள பற்றாசுப் புள்ளிகளைத் தொட்டுக் குறுஞ்சுற்றை உண்டாக்கி நின்றது.

பிள்ளை எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காலைக் கழற்றி எம் உள்ளங்கையிலே வைத்து, "இது உங்கடை அப்பா" என்றாள். மனைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மின்சாரம், பிள்ளை, கடைக்காரர் என்று காலைமுதல் நாம் எழுதிய குற்றப்பட்டியலிலே இல்லாத பெயர் எம்முடையது ஒன்றே. ஒன்றொன்றாகச் சோதித்தல் என்னும் நல்முறையைக் கற்கும் மாணவர், தம் கை பட்ட இடத்தையும் அப்பட்டியலிலே முதலாவதாகச் சேர்த்துக்கொள்வாராக. அதனைப் பெற்றோர் கற்றாலும் குற்றமில்லை.

அன்று மாலை கடைக்கு மீண்டும் தொலைபேசி எடுத்தோம். அன்றைய வேலைகளுள் அதுவே கடினமானது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவ்விளைஞர், "பரவாயில்லை ஐயா. இப்ப நிக்குதோ?" என்றார்.

"நிற்கின்றது தம்பி" என்றோம்.