பகிர்ந்துண்ணும் வட்ட அப்பம்

நகரசபைத் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பது கோவை ஆர்.எஸ்.புரம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பெரிய கடைவீதி புனித மிக்கேல் பேராலயத்திலிருந்து அங்குச் சென்று, அன்னபூர்ணாவில் குடும்பமாய்ச் சாம்பார் இட்லி உண்டு மகிழ்ந்தவர்கள் நாம். இன்றோ நம் பிள்ளைகள் திவான் பகதூர் சாலையில் நடக்கும்போதே பீட்சா கேட்கின்றனர். முகம் சுளிப்பானேன்? அதுவும் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் வாங்கியுண்ட அப்பமே.

யாரும் அறியாமல் ஒருநாள் பீட்சாக் கடைக்குச் சென்று உண்ண வேண்டுமென்ற தம் ஆசையை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டார் திருத்தந்தை பிரான்சிஸ். அவ்வாண்டு மார்ச் 21 அன்று, நேப்பிள்ஸ் வீதியில் அவர் வாகனத்திற்கே பீட்சா கொண்டுவந்து தந்தனர்.

அவருக்கு அரிதாயிருந்த அவ்வின்பம் நமக்கு எளிது. வீட்டிற்கு வரவழைத்து ஆளுக்கொரு மூலையில் உண்ணாமல், ஒரே மேசையில் அமர்வோம். அப்பத்தைத் துண்டுகளாக்குவதே பகிர்வதற்கன்றோ?