தொட்டி கழுவும் மீன்

பேரனுக்காக இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினேன். அடியில் சேரும் அழுக்கைத் தின்னும் என்று கூறி, விரல் நீள 'டாங்க் கிளீனர்' மீன் ஒன்றையும் கடைக்காரர் தந்தார். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மீன் பாசியைச் சுரண்டும். பிற மீன்களின் எச்சத்தைத் தொடாது. தானும் ஏராளமாகக் கழிக்கும். ஒன்றரை அடிவரை வளரும்.

"குளத்தில் விட்டுவிடுங்களேன்" என்றார் அயலவர். தென்னமெரிக்க மீனான இது, அப்படி விடப்பட்டும் தப்பியும்தான் இலங்கை நீர்நிலைகளில் பெருகியது. அதன் முட்கள் மீனவர் வலைகளைப் பாழாக்குகின்றன. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்; முகம் சுளித்துத்தான் வாங்கினார்.

இப்போது மென்மணலில் ஆறு கொரிடோராஸ் மீன்கள் கூட்டமாக மேய்கின்றன. பெரிதாக வளரா. அவற்றுக்கும் தனியே தீனி வேண்டும். அழுக்கை வாரந்தோறும் குழாயால் உறிஞ்சி எடுப்பவன் நான்தான்.