ஆளில்லா அரங்கில் ஓர் ஆட்டம்

யான் கண்டு களித்த பேசாப்படங்களுள், 1928-இல் வெளிவந்த 'காமிராமேன்' படத்தின் சிறு காட்சியொன்று நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. பஸ்டர் கீட்டன் ஏற்ற நாயகன், பேஸ்பால் பந்தயத்தைப் படமெடுக்க நியூயார்க் யாங்கி மைதானத்துக்கு வருகிறான். ஆட்டக்காரரோ அன்று வெளியூரில் இருக்கின்றனர். ஆளற்ற அவ்வெளியில் அவனே பந்தெறிகிறான். அவனே மட்டை பிடிக்கிறான். இல்லாத பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வந்து மண்ணிலே பாய்ந்து விழுகிறான். எழுந்து வெற்று ஆசனங்களை வணங்குகிறான். இவ்விளையாட்டின் விதிகளை யான் அரைகுறையாகவே அறிவேன். எனினும் அப்பந்து என் கண்ணுக்குத் தெரிந்தது!

கீட்டன் மெய்யாகவே பேஸ்பால் பித்தர். அவ்வாண்டிலேதான் அவர் தனித்துப் படமெடுக்கும் சுதந்தரத்தை விட்டுப் பெரிய ஸ்டூடியோ ஒன்றிற் சேர்ந்தார். பிற்காலத்தில் அதனைத் தம் வாழ்வின் பெரும்பிழை என்றார். இதனை அறிந்தபின், சிரிக்கும்போதே என் கண் கலங்குகிறது. அவ்வாட்டத்தைப் பார்த்து நின்றவனோ மைதானக் காவலன் ஒருவனே.