அது ஆட்டுக்கறி அல்ல

நான் ஒரு பொய்யை அச்சேற்றினேன். சமையல் பக்கத்தில்தான். அதை நம்பி நீங்கள் அடுப்பு மூட்டினீர்கள். காசு செலவழித்தீர்கள். ஆகவே முழு உண்மையும் உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் 'மூன்று மணி நேர ஆட்டுக்கறிக் குழம்பு' என்று ஒரு குறிப்பு வந்தது. என் பாட்டியின் கைப்பக்குவம் என்று அதில் எழுதியிருந்தேன். இரண்டுமே பொய். அது மாட்டுக்கறிக் குழம்பு. சொல்லிக் கொடுத்தவர் என் பாட்டியும் அல்ல. எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பியின் அம்மா. வியாசர்பாடிக்காரர்.

தம்பியின் டிபன் பாக்ஸிலிருந்து ஒருநாள் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். அன்று தொடங்கியது. எழுத வேண்டும், சொல்லித் தருவார்களா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வாங்க சார்" என்றார்.

அந்த அம்மா என்னை முதலில் கறிக்கடைக்குக் கூட்டிப் போனார். காலைப் பூசை முடிந்து வந்த கூட்டம் கடை முன்னால் நின்றது. நான் தொடைக்கறியைக் காட்டினேன். நல்ல சிவப்பு. கொழுப்பு இல்லை, சவ்வு இல்லை. "அது வேணாம் தம்பி. பாக்கத்தான் அழகு. வெந்தா வெறும் நாரு" என்றார். முன்னங்காலின் கீழ்ப்பக்கச் சதையைக் கேட்டார். கடைக்காரர் அதை மரக்கட்டையில் போட்டுப் புரட்டிக் காட்டினார். சதைக்குள் வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடியது. அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்றேன். "அத எடுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது?" என்றார். கூடவே ஒரு நல்லியெலும்பும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஓயாமல் உழைக்கிற தசையில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். சவ்வாக நம் பல்லில் மாட்டுவது அதுதான். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், நீரோடு சேர்ந்த சூட்டில், அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. வேகும் கறி சுருங்கித் தன் நீரை விட்டுவிடும். அந்த வறட்சி நாக்குக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஜெலட்டின்தான். தொடைக்கறியில் சவ்வு குறைவு. எத்தனை நேரம் வேகவைத்தாலும் கரைய ஒன்றும் இல்லை. வயது ஏற ஏற மாட்டின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகிப் பின்னிக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மாடு 10 வயது கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீள முடியாதபடி முடமாகியிருக்க வேண்டும். அப்போதுதான் அறுக்கச் சான்று கிடைக்கும். உழைத்து ஓய்ந்த கால் அது. மூன்று மணி நேரம் என்பது அந்தக் காலுக்கான கணக்கு.

கறியைப் பெரிய துண்டமாகவே கழுவி, நீர் வடியவிட்டு, பிறகு நாருக்குக் குறுக்கே துண்டு போட்டார். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றவில்லை. கறியே தண்ணீர் விட்டது. அது சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகுதான் மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் இடித்த மிளகும் விழுந்தன. பிறகு கறி மூழ்க வெந்நீர். சட்டியின்மேல் ஒரு தட்டு, அந்தத் தட்டிலும் தண்ணீர். குழம்பு வற்றினால் அந்தச் சுடுநீரையே ஊற்றினார். "கொதிக்க வுடாத. ஓரத்துல ஒண்ணு ரெண்டு முட்டை கெளம்பினா போதும்" என்றார். குக்கர் வைக்கலாமே என்று கேட்டேன். "குக்கர்ல வேவும். கொழம்பு ஆவாது."

கடைசியில் ஒரு துண்டைக் கரண்டி முனையால் அழுத்திக் காட்டினார். சவ்வு இருந்த இடம் வெந்த ஜவ்வரிசி போலத் தெளிந்து நடுங்கியது. வயிறு நிறையச் சாப்பிட்டேன். "உங்க பேர் போட்டு எழுதறேம்மா" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுத்த வாக்கு.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

இதழ் முடிக்கும் இரவு. என் கையெழுத்துப் படியில் மாட்டுக்கறி என்றுதான் இருந்தது. பக்கம் தயாராகித் திரையில் நின்றது. தலைப்பில், பெரிய எழுத்தில், அந்தச் சொல். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரில் சித்தப்பா வீட்டில் இந்த இதழ் வாங்குகிறார்கள். மாமனார் வீட்டிலும் வாங்குகிறார்கள். 'நீ தின்றாயா?' என்று கேட்பார்கள். என் பயம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"தம்பி, மாடுங்கறத ஆடுன்னு மாத்திடுங்க."

அவர் திரும்பவில்லை. "எல்லா எடத்துலயுமா சார்?"

"எல்லா எடத்துலயும்."

"அம்மா பேரு?"

"அதையும் எடுத்துடுங்க. பாட்டின்னு போட்டுக்கலாம்."

அவர் மாற்றினார். சில விசைகளைத் தட்டினார், முடிந்தது. பெற்ற தாயின் பெயரை அவர் தன் கையாலேயே அழித்தார். அழிக்க வைத்தவன் நான். அவர் மறுத்திருந்தால் நான் அடங்கியிருப்பேன். ஆனால் அவர் மறுக்க முடியாத இடத்தில் இருந்தார். வேலையில் அவர் எனக்குக் கீழே. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுத்தில் எழுதித் தராமல் வாயால் சொன்னேன்.

ஆசிரியர் சொல்லித்தான் செய்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளம்பரம் போய்விடும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. மிரட்டல் எதுவும் வரவில்லை. வருமுன்னே பணிந்தவன் நான்.

என் குற்றத்தை இன்னும் கனமாக்கும் ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2017 மே மாதம் கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. அந்த மாதக் கடைசியில் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது உணவு உரிமை பற்றி நான் கட்டுரை எழுதினேன். பாராட்டு வாங்கினேன். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்தது. அலுவலகத்தில் என் குரல்தான் உரக்கக் கேட்டது. அந்தத் தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரார் உரிமைக்குப் பேசியபோது எனக்குச் செலவே இல்லை. என் தட்டில் இருந்ததைச் சொல்ல வேண்டி வந்தபோது ஒளித்தேன். ஆம்பூரில் எந்த விலக்கலைக் கண்டித்தேனோ, அதையே ஒரு பக்க அளவில் நான் செய்தேன்.

பாட்டி கதை எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். பெயரை எடுத்த இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பினேன். கிராமத்து வீடு, விறகடுப்பு, பாட்டியின் வளையல் சத்தம் என்று அன்றிரவே நாலு வரி சேர்த்தேன். நன்றாக எழுதினோம் என்று மனசுக்குள் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிதான் இன்று என்னை அதிகம் கூசவைக்கிறது. வாசகர்கள் என் பாட்டியைப் புகழ்ந்து எழுதினார்கள். புகழை வாங்கிக்கொண்டேன். இது திருட்டு.

குறிப்பு பலருக்குச் சரிவரவில்லை. வரவும் வராது. வெள்ளாட்டு இளங்கறிக்கு மூன்று மணி நேரம் தேவையே இல்லை. ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவரின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருக்கிறது. இரண்டு கிலோ வாங்கியிருக்கிறார். ஆட்டுக்கறியின் விலை மாட்டுக்கறியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எலும்பு தனியாகவும் கறி திப்பியாகவும் ஆகிப்போயிற்று. 'என் கையில்தான் ஏதோ குறை போலிருக்கிறது' என்று முடித்திருந்தார். அவருக்கு நான் பதில் எழுதினேன். 'தீயைக் குறைத்து வைத்திருக்க மாட்டீர்கள்' என்று எழுதினேன். என் பொய்யைக் காப்பாற்ற அவர்மேல் பழி போட்டேன். அம்மா, உங்கள் கையில் குறை இல்லை. விருந்தாளிகள் முன் உங்களைத் தலைகுனிய வைத்தவன் நான்.

அந்த வியாசர்பாடி அம்மாவுக்கு நேர்ந்ததைத் தம்பி எனக்குச் சொல்லவே இல்லை. வெகு நாள் கழித்து வேறொருவர் வழியாகத் தெரிந்தது. பத்திரிகையில் தன் சமையல் வரப்போகிறது என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இதழ் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் இல்லை. மாடும் இல்லை. "நீ எப்பக்கா ஆட்டுக்கறி ஆக்குன?" என்று சிரித்திருக்கிறார்கள். பொய் எழுதியது நான். பொய்க்காரியாக நின்றது அவர். தம்பி அதன்பின் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தன் மேசையில் தனியாகச் சாப்பிட்டார். வேலை அதிகம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதுவதற்கு முன் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு விடுதலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. "உனக்குப் பயம். அது எனக்குப் புரியுது. ஆனா ஆடுன்னு போட்டா ஜனங்க கறியக் கெடுத்துக்குவாங்களேன்னு தோணலியா?" என்று கேட்டார். தோன்றவில்லை. உங்கள் சட்டி என் நினைப்பிலேயே இல்லை.

இந்த முறை பெயர் போடுகிறேன் என்றேன். "இப்ப வேணாம் தம்பி. அப்ப ஆசையா இருந்துச்சி" என்றார். அதனால்தான் இங்கே அவர் பெயர் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி என்று உள்ள இடத்தில் மாட்டின் முன்னங்கால் சதை என்று எழுதுங்கள். நேரத்தை மாற்ற வேண்டாம், அது சரி. பாட்டியைப் பற்றிய நாலு வரியை முழுதாக அடித்துவிடுங்கள். என் பாட்டி அந்தக் குழம்பை ஒருநாளும் வைத்ததில்லை.